மேற்கே பார்த்து ஏசியவர்

தொழுகைக்கு முன் எங்கள் பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டியில் கைகால் கழுவி ஒழுச் செய்ய உட்காருகிறவன் முதலில் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். விதானையார் பக்கத்தில் இருந்தால் தொலைந்தான். "காலக் கழுவுறதுக்கு இவ்வளவு தண்ணியாடா? உன்ட வாப்பா வெட்டி வெச்ச குளமா இது?" என்று கேட்பார். ஆள் தராதரம் பார்க்கமாட்டார். வெளியூரிலிருந்து பயான் சொல்ல வந்த மௌலவி ஒருவரையும் அப்படித்தான் கேட்டார். மௌலவி சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டதை நானே கண்டேன்.

அவர் எங்கள் வட்டை விதானை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. அந்தத் தண்ணீரை ஆளுக்கு ஆள் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்க வயற்காரர்கள் கையுயர்த்தித் தெரிவு செய்கிற ஆள்தான் விதானை. சம்மாந்துறைப் பக்கத்தில் எங்கள் வட்டைதான் கடைசி. இங்கினியாகலைக் குளத்தில் திறக்கிற தண்ணீர் அம்பாறை தாண்டி, வழியில் இருக்கிறவர்கள் எல்லாரும் பாய்ச்சி, குளித்து, மாடு கழுவி, மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு. அந்த மிச்சத்தை அவர் பிரித்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தன்னுடைய வயலுக்குக் கடைசியாகத்தான் வக்கடை திறப்பார். வரம்பில் அந்த ஒரு சாண் வெட்டைத் திறப்பதற்கு முன்னால் மற்றவர்களின் வயலில் இறங்கிக் கால் நனைகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

கந்தூரி விருந்துச் சோற்றிலும் அவருக்கு இதே புத்திதான். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் தின்னும்போது, ஆணம், அதாவது குழம்பு, ஊற்றினால் அது பள்ளமான பக்கத்துக்கு ஓடும் அல்லவா? விதானையார் சோற்றால் ஒரு வரம்பு கட்டுவார். விரலால் ஒரு வாய்க்கால் இழுப்பார். ஆணம் எல்லார் முன்னாலும் போய் நின்ற பிறகுதான் பிஸ்மி சொல்லிக் கை வைப்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு திசை இருந்தது. எங்களுக்குத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே அவர் ஏசுவதும் மேற்கே பார்த்துத்தான். வாய்க்கால் வற்றிய நாட்களில் வரம்பில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரத்தில் நீலமாகத் தெரிகிற மலைகளைப் பார்த்து, "மேல கிடந்து எங்கட தண்ணிய மறிக்கிறவனுகள் நாசமாப் போவானுகள்!" என்று கத்துவார். தொழுவதும் மேற்கே, ஏசுவதும் மேற்கே என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

அவருக்கு ஒரே மகள். எங்கள் ஊர் வழக்கப்படி சீதனமாக வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையைத் தன் வளவுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தார். மாப்பிள்ளை ஒரு போடியாரின் மகன். போடியார் என்றால் ஏக்கர் கணக்கில் காணி உள்ள பெரிய கை. அந்தச் சம்பந்தம் கிடைத்தபோது விதானையார் பள்ளிவாசலில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். போடியாருக்குப் பெரிய வாய்க்கால் ஓரத்தில் ஒரு மேட்டுக்காணி இருந்தது. அதற்குத் தண்ணீர் உரிமை கிடையாது. பெரிய சூறாவளியில் அங்கே நின்ற தென்னைகள் விழுந்த பிறகு அந்த மேட்டைத் திருத்தி வயலாக்கி, வாய்க்காலுக்குள் பம்பு இறக்கித் தண்ணீர் இழுத்தார். இரவு பகலாக ஓடியது அந்தப் பம்பு. இது ஊருக்கே தெரியும். ஆனால் அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் போய்ச் சொல்ல வேண்டியவர் விதானை. விதானையின் சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு.

சூறாவளிக்கு அடுத்த வருடம் மழையில்லாத யலப் போகத்தில் எங்கள் வேளாண்மை, கதிர் வெளியே வரும் முன், குடலையாக நின்றபோது வாய்க்கால் வறண்டது. ஒரு தண்ணீர், ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் தப்பும். கச்சேரிக்குப் போனோம். என்ஜினியர் ஐயா மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, "மலையில மழை இல்ல. நான் என்ன செய்ய?" என்றார். விதானையாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மழை இல்லியா, இல்லாட்டி மறிக்கானுகளா? தண்ணி எங்க பெறக்குது, ஆரு மறிக்கான் எண்டு என்ட கண்ணால பாத்துத்து வாறன். அதுக்குப் பொறகு கதைப்பம்!"

"பாத்துத்து வாங்க. கூட்டம் வைக்கிறன். ஆரு தண்ணி களவெடுக்கிறான் எண்டு விதானை கையெழுத்து வெச்சுத் தந்தா, நான் ஆளக் கொண்டுபோய் உடைக்கிறன்" என்றார் அவர்.

துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் அம்பாறை டவுனில் ஒரு கடையில் சில வருடம் நின்றவன், சிங்களம் வரும். எனக்கும் அந்த வட்டையில் உம்மா வழிக் காணி இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அரிசி, கருவாடு, ஒரு கேத்தல், இரண்டு பாய் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அவர் தோளில் மண்வெட்டியும் இருந்தது. இங்கினியாகலை வரையாவது பஸ்ஸில் போவோம் என்றேன்.

"பஸ்ஸில ஏறினா தண்ணி கண்ணுக்குத் தப்பிரும். நட."

வாய்க்கால் கரையில், தண்ணீர் வரும் வழிக்கு எதிரே நடந்தோம். எங்கள் வட்டையில் வெடித்துக் கிடந்த வாய்க்கால் மேலே போகப் போக ஈரமானது, கலங்கலானது, பிறகு கணுக்காலளவு ஓடியது. போடியாரின் மேட்டுக்காணிக்குக் கிட்டே வந்தபோது பம்புச் சத்தம் கேட்டது. கையளவு பருமனில் குழாய் வாய்க்காலுக்குள் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் கணுக்கால் தண்ணீர். அதற்கு மேலே வாய்க்கால் கரை முட்ட ஓடுகிறது. குருடனுக்கும் விளங்கும். போடியாருடைய வயலோ கரும்பச்சையாக நிற்கிறது.

விதானையார் நபிகள் மீது சத்தமாக ஸலவாத்துச் சொல்லத் தொடங்கினார். வாய்க்குள் முணுமுணுப்பதல்ல, மௌலூது மஜ்லிஸில் ஓதுவதுபோல் தொண்டை கிழிய. பம்புச் சத்தத்தை அமுக்குகிற சத்தம்.

"விதானயார், பம்பு ஓடுது."

"ஸல்லல்லாஹு அலா முஹம்மத்..."

"இஞ்ச பாருங்க, குழாய..."

"வெயிலுக்கு முந்தி கொண்டவட்டுவான் போய்ச் சேரணும். நட தம்பி, நட!"

குழாயை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். என்றாலும் போனேன். மலையில் ஒருவரும் மறிக்கவில்லை என்று இவர் கண்ணால் கண்டுவிட்டால் வேறு வழியில்லாமல் திரும்பி வந்து இந்தப் பம்பைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

இங்கினியாகலைக் குளம் நிறைந்தும் இல்லை, வற்றியும் இல்லை. நடுவில் பட்ட மரங்களின் தலைகள் தெரிந்தன. மீன்காரன் ஒருவன் தோணியில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டான். தோணியில் ஏறலாமா என்று நான் கேட்டதற்கு, "இது தண்ணிக்கு மேலதானே போகுது" என்றார். அதற்கு அப்பால் நில்கலைக் காடு. மனித உயரத்துக்கு மானாப்புல், அதற்குள் கடுக்காய் மரங்களும் நெல்லி மரங்களும். யானை லத்தி சூடாகக் கிடந்தது. தேன் எடுக்கப் போகிறவர்கள் இரண்டு பேர் ஆற்றங்கரை வழியைக் காட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கியது. கரை என்று ஒன்று இல்லை. பாறைக்குப் பாறை தாவியும், இடுப்பளவு தண்ணீரில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தும், மேலே மேலே ஏறினோம். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் என்னைவிட வேகமாக ஏறினார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, சுற்றிலும் பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

ஆறு கிளை பிரிகிற இடத்தில் எல்லாம் குந்தியிருந்து ஒரு கை அள்ளி வாயில் வைப்பார். கண்ணை மூடுவார். "இதுதான் எங்கட தண்ணி" என்பார். மற்றக் கிளையை விட்டுவிடுவோம். நான் இரண்டையும் குடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

பள்ளத்தாக்குக்கு மேலே சிங்கள ஊர்கள் தொடங்கின. மலைச்சரிவில் ஏழெட்டு வீடுகள், பலா மரங்கள், மிளகுக் கொடிகள், பாய் விரித்த அளவில் படிப்படியாக வயல்கள். ஒரு வீட்டு விறாந்தையில் படுக்க இடம் தந்தார்கள். காலையில் முகில் இறங்கி, பக்கத்தில் நின்ற மரம் தெரியவில்லை. மலையேறிக் கடந்தால் அடுத்த ஊர் கிட்ட என்று வீட்டுக்காரன் சொன்னான். ஏறிக் கடந்து இறங்கியபோது ஒரு நீரோடை சலசலத்தது. விதானையார் குந்தினார், வாயில் வைத்தார், "எங்கட தண்ணி" என்றார். கொஞ்சம் மேலே போனால், வாழைத் தண்டும் கல்லும் சேறும் வைத்து யாரோ ஓடையை மறித்து, தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பியிருந்தார்கள்.

அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "கண்டியா? சொன்னன் இல்லியா? கள்ளன்ட வேல!" என்று கத்திக்கொண்டு ஓடைக்குள் பாய்ந்தார். நான் பிடிப்பதற்குள் வாழைத் தண்டை இழுத்து எறிந்தார். மண்வெட்டியால் கல்லை நெம்பினார். மறிபட்டு நின்ற தண்ணீர் ஒரே பாய்ச்சலில் போனது.

ஒரு பொம்பிளை கத்தியும் கையுமாக ஓடி வந்தாள். விதானையாரின் வயது இருக்கும். அவளுடைய சிங்களத்தை எங்கள் பேச்சில் சொல்வதென்றால், "அடேய் நானா, உனக்கு நான் என்னடா செய்தன்? என்ட வயலுல ஏன்டா கை வெச்சாய்?" என்று கேட்டாள். முஸ்லிம் ஆம்பிளைகளைச் சிங்களவர்கள் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தண்ணிய மறிக்கிறது பாவம் எண்டு சொல்லு தம்பி. கீழ ஒரு வட்டையே கருகுது எண்டு சொல்லு."

சொன்னேன். "கீழ எங்க?" என்றாள். கடல் பக்கம், கல்முனைக்குக் கிட்ட என்றேன். அவள் கோபத்திலேயே சிரித்தாள்.

"இது மஹியங்கனைப் பக்கம் போற தண்ணி. உன்ட வயலுக்கு மலையத் துளைச்சிக்கிட்டா வரும்?"

"பொய் சொல்லுறா" என்றார் விதானையார். தண்ணீர் என்றால் அது கிழக்கே ஓடும், கடலுக்குப் போகும் வழியில் எங்கள் வட்டையைத் தொடும். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தெரியும். அன்று காலையில் நாங்கள் முகிலுக்குள் ஏறிக் கடந்த மலைக்கு அந்தப் பக்கம் ஓடுவது வேறு, இந்தப் பக்கம் ஓடுவது வேறு என்று அவருக்கு விளங்கவில்லை. ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்தார். நானும் பின்னால் போனேன். அஸர் நேரத்துப் பின்னேர வெயில் எங்கள் இடது தோளில் விழுந்தது. ஓடை வடக்கேயே போனது, ஒரு இடத்திலும் கிழக்கே திரும்பவில்லை. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஓடையில் ஒரு கை அள்ளி, வாயில் வைக்காமல் கீழே விட்டார்.

மறுநாள் காலையில் அவளுடைய வயலுக்குத் திரும்பிப் போனோம். நான் ஊருக்குப் போவோம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தண்ணீர் பாய்ந்த வேகத்தில் ஒரு வரம்பு உடைந்து, நாற்றுகள் சரிந்து கிடந்தன. அவள் எங்களைக் கண்டதும் வாய்க்கு வந்தபடி ஏசினாள். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். "வேணாம், விளங்குது" என்று சொல்லிவிட்டு ஓடைக்குள் இறங்கினார். நடுப்பகல் லுஹர் வரைக்கும் வேலை செய்தார். கல்லை அடுக்கி, களிமண்ணைப் புல்வேரோடு வெட்டி வைத்து மிதித்து, அவள் கட்டியிருந்ததைவிட நல்லதாகக் கட்டினார். உடைந்த வரம்பைப் பிடித்தார். கீழ்ப்படியில் இருந்த பாத்திக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை என்று கண்டு வக்கடையை இடம் மாற்றி வெட்டினார். அவள் ஏசுவதை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கமும் கொஞ்சம் மண் போடு என்று கைகாட்டத் தொடங்கினாள். பிறகு பலாக்காய் அவித்து, தேங்காய்ச் சம்பலோடு வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். கைகால் கழுவிக்கொண்டு வந்து பிஸ்மி சொல்லித் தின்றார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றார்.

பிபிலைக்கு நடந்து வந்து பஸ் ஏறினோம். "நல்ல மனிசி. ஏசினாலும் நியாயமா ஏசினா" என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. இந்த மனிதர் ஒரு நாளும் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவர் தலை நழுவாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் வந்து சேர்ந்ததும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். என்ஜினியர் வந்திருந்தார். முன்வரிசையில் போடியார், வெள்ளைச் சாரனும் அத்தர் மணமுமாக. கதிர் தப்ப இன்னும் நாள் இருந்தது. எல்லாரும் விதானையாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழும்பினார். போடியாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"மலையில மறிச்சிரிக்கானுகள்" என்றார். "என்ட கண்ணால கண்ட. வாழத்தண்டும் கல்லும் வெச்சி, படிப்படியா வயல் செய்யிறானுகள். எங்கட தண்ணி அங்கதான் போகுது."

மண்டபம் கொதித்தது. "சிங்களவன் புத்திய காட்டிட்டான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். போடியார் கவலையாகத் தலையை ஆட்டினார். அவள் அவித்துக் கொடுத்த பலாக்காய் இவருடைய வயிற்றில் சமித்து ஒரு கிழமையும் ஆகவில்லை! நான் பாய்ந்து எழும்பினேன்.

"பொய்! அந்த மனிசிர தண்ணி மஹியங்கனைப் பக்கம் போற. நாங்க ரெண்டு பேரும் நடந்து பாத்த. தண்ணிய எடுக்கிறது போடியார்ர பம்பு. அதையும் ரெண்டு பேரும் கண்ட!"

என்ஜினியர் விதானையாரைப் பார்த்தார். "விதானை, நீங்க பம்பு ஒண்டு கண்டீங்களா?"

"நான் காணல்ல" என்றார்.

அவ்வளவுதான். விதானையின் சொல்லுக்கு முன்னால் என் சொல் செல்லாது. கூட்டம் கலைந்தது. வெளியே வந்ததும் அவரை மறித்துக்கொண்டு, "என்னத்துக்கு இப்பிடிச் செய்தீங்க?" என்று கேட்டேன். சட்டையைப் பிடிக்காத குறை.

"என்ட மகள் அந்த மனிசன்ட மகனோட வாழுறா" என்றார். "இப்ப வயித்துல புள்ள. நான் வாயத் துறந்தா அவன் அவவ உட்டுட்டு எறங்கிப் பெய்த்துருவான். அவக்கு இந்தப் பம்புக் கத ஒண்டும் தெரியா. தெரியவும் வேணாம்."

எங்கள் வட்டை கருகியது. கதிர் பால் பிடிக்காமல் வெள்ளையாக வந்து வைக்கோலாய்ப் போனது. என்னுடையதும் போனது, விதானையாருடையதும் போனது. அவர் தன் வயலில் நின்று மேற்கே பார்த்து ஏசினார். வழக்கத்தைவிடச் சத்தமாக ஏசினார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் அரிசிப்பானை காலி. மனைவியின் காப்பு அடகுக்குப் போய்விட்டது. இவர் அந்தப் பலாமரத்தடிப் பொம்பிளையை ஏசிக்கொண்டிருக்கிறார்!

ஒரு நாள் பகல், மாடுகளை என் வயலில் மேயவிட்டுவிட்டு அவருடைய வரம்பால் வந்தேன். மகள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து வாப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு தள்ளியிருந்தது.

"வாங்க காக்கா, ஒரு வாய் தின்னுங்க" என்றாள். என்னை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். "வாப்பா சொன்னாரு, மலையில ஒரு பொம்புளதான் தண்ணிய மறிச்சிரிக்கா எண்டு. நீங்களும் கண்டீங்களாம். மெய்தானா?"

விதானையார் சோற்றைப் பிசைந்த கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. நான் இரங்கவில்லை.

"அந்த மனிசி ஒரு துளி எடுக்கல்ல. எடுத்தது உங்கட மாமனார்ர பம்பு. உங்கட வாப்பாக்கும் தெரியும்."

அவள் அதிரவில்லை. கேரியர் மூடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியுமே காக்கா" என்றாள். "பம்புக்கு எண்ணெ எங்கட ஊட்டுல இருந்துதான் போற. என்ட மாப்புள வயலால வாறத்துக்குச் சுணங்கினா நான்தான் கேனில ஊத்திக் குடுத்தனுப்புற. கூட்டத்துல காணல்ல எண்டாராம், வாப்பாக்குத் தெரியா எண்டுதான் நான் நினைச்ச. தெரிஞ்சா மனசு நொந்துருமே எண்டுதான் வாய் துறக்கல்ல."

எங்கள் மூன்று பேரையும் சுற்றி வட்டை முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. வாப்பாவின் மனம் நோகக் கூடாது என்று மகள் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். மகளின் மனம் நோகக் கூடாது என்று வாப்பா பொய் சொல்லியிருக்கிறார். இவர்களுடைய பாசத்துக்கு எங்கள் அத்தனை பேருடைய சோறும் போயிருக்கிறது.

நான் விதானையாரைப் பார்த்தபடி நின்றேன். இப்போது ஏசுவார், பள்ளிவாசலில் மௌலவியையே ஏசியவர் இவளை ஒரு வார்த்தையாவது ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் போதும், அன்றோடு அவரை மன்னித்திருப்பேன்.

அவர் அந்தச் சோற்றை உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கினார்.

"ஆணத்துல உப்பு கொஞ்சம் கூடிரிச்சி, மகள்" என்றார்.